ஆச்சி பிறந்த தொண்ணூற்றொன்பது

எங்கள் ஆச்சி 51 வயதில் அப்பாவைப் பெற்றிருக்கிறாள். நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். நியூஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பிய வம்சாவளியில் அப்படித்தான் இருந்தது. ஆச்சி பிறப்பு 1899, அப்பா பிறப்பு 1950.

திட்டலாம் என்று மஸ்கட்டிலிருந்து போன் போட்டேன். "அண்ணா, நீங்க அனுப்பின டைரிப் பக்கத்தைப் பார்த்துதானே போட்டேன்" என்றான். 2008-ல் லீவுக்குத் திருவனந்தபுரம் போனபோது, கரமனை வீட்டில் அத்தையிடம் கேட்டுக் குறித்தது. என் கையெழுத்தேதான்: "ஆச்சி - 99 - வெள்ளம்."

திருவிதாங்கூர்க்காரர்களுக்கு இது போதும். கொல்லம் ஆண்டு 1099-ல், அதாவது 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம். ஆச்சி பிறந்த நாகர்கோவில் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956-ல்தான். அந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். சென்னையில் வளர்ந்த தம்பிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சரி, 1924 என்று திருத்திவிடலாமே என்றால் அதுவும் முடியாது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பது. 1099 என்பது 1923 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1924 ஆகஸ்ட் நடுவரை. அத்தை "வெள்ளத்தப்போ பிறந்தா" என்றார்களா, "வெள்ளம் வந்த வருஷம்" என்றார்களா? நான் எழுதி வைக்கவில்லை. அத்தை 2019-ல் போய்விட்டார்கள்.

பி.காம். படித்துவிட்டு, பேங்கில் உட்கார்ந்து "வவுச்சர் எங்கே?" என்று அடுத்தவனைக் குடைகிற ஆள் நான் (சிரிக்காதீர்கள்).

குடும்பக் கதைக்கு எதற்கு ஆடிட் என்கிறாள் மனைவி. கதை தப்பாக இருக்கட்டும், அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பேரன் திருத்திக்கொள்வான். தெரியாவிட்டால் 1899 நிலைத்துவிடும். அச்சில் வந்ததற்கு நம்மிடம் அவ்வளவு மரியாதை!

யார் சொன்னது, என்றைக்கு, அவர் கண்ணால் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று எழுதுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவிட்டு, நீங்கள் கணக்குப் போட்ட ஆங்கில வருஷத்தை அடைப்புக்குள் போடுங்கள். பத்திரமென்றால் நம்பர், ரிஜிஸ்தர் ஆபீஸ் தெரிகிற பக்கத்தையும் படமெடுங்கள். மலையாளத்தில் இருக்கிறதே என்று தள்ளிவிட வேண்டாம்.

அடுத்த லீவில் கரமனையில் பெரியம்மாவிடம் உட்காரப் போகிறேன். 88 வயது. இந்தத் தடவை போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுத்தான் பேச்சு. தம்பியிடம் ஆச்சி பெயருக்கு எதிரே இப்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன்: "கொல்லம் 1099 (1923-24). அத்தை சொன்னது, கரமனை, 2008. சொன்ன வார்த்தை குறிக்கப்படவில்லை."