மீன்தொட்டியை எங்கே வைப்பது?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க எண்ணுவோர் முதலில் மீனைத் தெரிவு செய்கின்றனர். அடுத்துத் தொட்டியை வாங்குகின்றனர். வீடு வந்து சேர்ந்த பின்னரே அதனை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்க்கின்றனர். இவ்வொழுங்கு தலைகீழானது என்பது நமது கருத்து. ஓடையில் வாழும் மீன் வெயில் ஏறினால் நிழலை நாடி நீந்திச் செல்லும். தொட்டியில் இட்ட மீனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அது வாழும் இடத்தை நாம் ஒருமுறை தீர்மானிக்கின்றோம். அதன் பலனை அது நாள்தோறும் அனுபவிக்கின்றது.

நம் நாட்டு மீன் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் 'லே தித்தியா' எனவும், மீன் கடைகளில் 'செரி பார்ப்' எனவும் வழங்கும் சிறிய செந்நிற மீனை 1929ஆம் ஆண்டில் பி. இ. பி. தெரணியகல அவர்கள் முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி விவரித்தார். தென்மேற்கு ஈரவலயத்தில், மரநிழலின் கீழ் மெல்ல ஓடும் ஓடைகளே அதன் வீடு. பட்டப்பகல் வெயில் விழும் யன்னலோரத்தில் அதனை வைத்துவிட்டு, நிறம் வெளிறிற்று, மூலையில் ஒதுங்குகின்றது என்று குறைகூறுவதிற் பயன் என்ன?

யன்னலோரத்தில் வைக்கும் வழக்கம் பழையது. 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் மீன்காட்சிக்கூடம் திறக்கப்பட்ட காலத்தில் வீடுகளில் மின்விளக்கு இல்லை, பகலொளியே துணையாயிற்று. இன்று அத்தேவை இல்லை. வெயில் பட்டால் பாசி பெருகிக் கண்ணாடியை மூடும். இது கண்ணுக்குத் தெரியும் தீமை. கண்ணுக்குத் தெரியாத தீமை வேறொன்று உண்டு. ஒரு லீற்றர் நன்னீர் 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 32 பாகையில் 7.3 மில்லிகிராமே நிற்கும். வெப்பம் ஏற ஏற மீனின் உடற்றொழிற்பாடு விரைவதால் அதற்கு வேண்டிய ஒட்சிசனோ கூடுகின்றது. வரவு குறையச் செலவு பெருகும் குடும்பத்தின் நிலைதான்! மாலையில் மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை பசியால் அவ்வாறு செய்கின்றன என எண்ணி மேலும் உணவிடுதல் தவறு.

வெயிலைக் கணிக்கும்போது ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. இலங்கையில் ஏப்ரில் மாதத்திலும், ஆகஸ்டு இறுதி, செப்டெம்பர்த் தொடக்கத்திலும் சூரியன் தலைக்கு நேரே வருகின்றது. இடைப்பட்ட யூன் மாதத்தில் அது வடக்கே சாய்ந்து நிற்பதால், மார்கழியில் நிழலாய் இருந்த வடக்கு யன்னலால் வெயில் புகும். மேற்கு யன்னலை எக்காலத்தும் தவிர்க்க.

நீரின் பாரத்தையும் பலர் மறந்துவிடுகின்றனர். 90 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 40 உயரமும் உள்ள தொட்டி 108 லீற்றர் கொள்ளும். நீர் மட்டுமே 108 கிலோகிராம். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் இரண்டரை அந்தருக்குக் குறையாது. புத்தக அலுமாரி இதற்கு ஏற்றதன்று. நீர் நிறைந்த தொட்டியைப் பின்னர் நகர்த்த முயல்வோர் கண்ணாடி ஒட்டுக்களைப் பிளக்கச் செய்வர். நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் நீர்விட்டு, அது நான்கு மூலைகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றதா எனப் பார்த்த பின்னரே நிரப்புதல் வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். நுளம்புத்திரியிலும் பூச்சிகொல்லித் தெளிப்பான்களிலும் பெரும்பாலும் சேரும் பைரெத்திரொயிட்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. காற்றூட்டும் பம்பியோ அறையிலுள்ள காற்றையே இழுத்து நீரினுட் செலுத்துகின்றது. மூடிவைத்தால் போதும் என்றிருத்தல் ஆகாது. ஆகவே நுளம்புத்திரி கொளுத்தும் படுக்கையறை தகாது. சாம்பிராணிப் புகை சூழும் சாமியறையும் தகாது. குசினியின் எண்ணெய்ப் புகை நீரின்மேற் படலமாய்ப் படிந்து காற்றுக் கலப்பதைத் தடுக்கும்.

கதவு அடிபடும் இடமும் நன்றன்று. மீனின் இரு பக்கங்களிலும் ஓடும் பக்கக்கோடு, நீரில் எழும் சிற்றதிர்வையும் உணரும். கண்ணாடியைத் தட்டி விளையாடும் சிறுவருக்கும் இதனை விளக்கலாம்.

இவை யாவற்றுக்கும் ஓரளவு பொருந்துவது, நடுவறையில் யன்னலுக்கு எதிரே அன்றி அதன் பக்கமாய் அமைந்த உட்சுவரே. மின்பிளக்கு அருகில் இருக்கலாம். தொட்டிக்கு நேர் கீழே இருத்தலாகாது. வயர் முதலிற் கீழே தாழ்ந்து பின்னர் மேலேறிப் பிளக்கை அடையுமாறு விடுக. வழியும் நீர் தாழ்ந்த இடத்திற் சொட்டிவிடும். சுவருக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு சாண் வெளியும், மேலே கை நுழைத்துத் துப்புரவு செய்ய இரண்டு சாண் வெளியும் விடுதல் வேண்டும்.