கொலைகாரன் முகம் எதற்கு? புகார்ச் சீட்டு எங்கே?

நென்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்துதான் நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளுக்கு மலையேற வேண்டும். எஸ்டேட்டில் வேலை செய்யும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது கால் பழகிய பாதை. அந்தப் போத்துண்டியில் 2025 ஜனவரி 27-ஆம் தேதி காலையில் ஒரு தாயும் மகனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெட்டியவன் பக்கத்து வீட்டுக்காரன். 2019 ஆகஸ்ட் 31-ல் இதே வீட்டு மருமகளை வெட்டிக் கொன்ற வழக்கில் ஜாமீனில் வெளியே வந்திருந்தவன். ஒரே வீட்டில் மூன்று உயிர்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பவர்கள் இரண்டு பெண்பிள்ளைகள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பத்திரிகைகளும் டெலிவிஷன்களும் நமக்கு ஊட்டியது என்ன? அவன் எந்தக் காட்டில் ஒளிந்தான், பசி தாங்காமல் எப்படி இறங்கி வந்தான், போலீஸ் வண்டியில் எப்படி உட்கார்ந்திருந்தான், முகத்தில் வருத்தம் தெரிந்ததா இல்லையா என்பவைதாம். ஸ்டேஷனில் அவனுக்கு என்ன சாப்பாடு கொடுத்தார்கள் என்பதுகூடச் செய்தியாயிற்று! இந்தக் கட்டுரையில் அவன் பெயர் வராது. வாசகர்கள் அதை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருப்பார்கள்.

ஆனால் கொலைக்கு ஒரு மாதம் முன்பு, டிசம்பர் கடைசியில், அந்த வீட்டார் நென்மாறை போலீசில் புகார் கொடுத்திருந்தார்களே, அதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறோம்? நென்மாறைப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. அதை மீறி அவன் தன் வீட்டிலேயே வந்து குடியிருந்தான். மிரட்டுகிறான், பயமாக இருக்கிறது என்று அந்தக் குடும்பம் சொல்லிற்று. போலீஸ் அவனைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பிவிட்டது. ஜாமீனை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருந்தால் இரண்டு உயிர்கள் இன்று இருந்திருக்கும். பிறகு இன்ஸ்பெக்டரை சஸ்பெண்ட் செய்தார்கள். இந்தச் செய்தியும் வந்தது, வராமல் இல்லை. ஆனால் இரண்டு நாளில் கீழே போயிற்று. கொலைகாரனின் புகைப்படம் மட்டும் மேலேயே நின்றது.

‘இப்படிக் கொல்லுகிறவர்களின் மனதுக்குள் என்ன இருக்கிறது?’ என்று கேட்பதில் தவறில்லை. கேட்டே ஆகவேண்டும். ஆனால் அதற்குப் பத்திரிகைகளிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ‘சைக்கோ’. இந்த ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. பேய் பிடித்தது என்று பாட்டிமார் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசமோ!

நம் எல்லைப் பக்கத்து வழக்குகளையே எடுத்துப் பார்ப்போம். போத்துண்டிக்காரனின் மனைவி அவனை விட்டுப் பிரிந்து போனாள். அடுத்த வீட்டில் இருக்கும் நீண்ட தலைமுடிக்காரிதான் அதற்குக் காரணம் என்று ஏதோ ஒரு மந்திரவாதி சொன்னதை அவன் நம்பினான் என்பது போலீஸ் சொல்லும் காரணம். இடுக்கியில் தொடுபுழை பக்கம் சீனிக்குழியில் 2022 மார்ச் 19-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் எண்பது வயதை நெருங்கிய ஒருவர் தம் மகன், மருமகள், இரண்டு பேத்திகள் நால்வரையும் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். காரணம் சொத்துத் தகராறு. தீயை அணைக்கத் தண்ணீர் கிடைக்காதபடி தொட்டியை முன்கூட்டியே காலி செய்துவிட்டு, கதவை வெளியே பூட்டிவிட்டுச் செய்த காரியம் அது. 2025 அக்டோபரில் தொடுபுழை கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யத் தெரிந்தவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? அதே தொடுபுழை வட்டத்தில் வண்ணப்புறம் அருகே கம்பகக்கானத்தில் 2018-ல் ஒரு குடும்பத்தின் நான்கு பேரைக் கொன்று வீட்டின் பின்னாலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். குருவைக் கொன்றால் அவருடைய மந்திர சக்தி தனக்கு வந்துவிடும் என்று சீடன் நம்பினான் என்பது போலீஸ் தரப்பு.

இந்த மூன்றிலும் இருப்பது என்ன? சொத்து, பகை, ‘எனக்கு அநியாயம் செய்தார்கள்’ என்ற புழுக்கம், அந்தப் புழுக்கத்துக்கு எண்ணெய் வார்க்கும் மந்திரவாதம். நம் லயங்களிலும் நம் தெருக்களிலும் தினமும் காணும் சமாச்சாரங்கள்தாம் இவை. இவை இருப்பவர்கள் எல்லாம் கொலை செய்வதில்லை என்பது உண்மை. ஆனால் கொலை செய்தவன் பெரும்பாலும் முன்கூட்டியே அதைச் சொல்லியிருக்கிறான், மிரட்டியிருக்கிறான், யாரோ அதைக் கேட்டிருக்கிறார்கள். ‘சைக்கோ’ என்று எழுதினால் இது மறைந்துபோகிறது. கேட்டும் கேளாமல் இருந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். மந்திரவாதக் கொலை என்றால் நான்கு பக்கம் ஒதுக்குகிற பத்திரிகைகளிலேயே, வசியம், ஏவல், தாம்பத்தியத் தடை நீக்கம் என்று விளம்பரங்கள் வந்துகொண்டிருந்ததை நாம் பார்த்ததில்லையா? தமிழ்ப் பத்திரிகைகளும் இதில் யோக்கியமில்லை. மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் வேண்டும் என்று கேரள சட்டச் சீர்திருத்த ஆணையம் 2019-லேயே பரிந்துரைத்தது. அந்த மசோதாவைத் தொடர்வதில்லை என்று மந்திரிசபை முடிவு செய்துவிட்டதாக 2025 ஜூனில் அரசாங்கமே உயர்நீதிமன்றத்தில் சொல்லிற்று. அந்தச் செய்திக்கு எத்தனை பக்கம் கொடுத்தார்கள்?

பட்டப்பெயர் வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சினிமா நட்சத்திரங்களுக்கு வைப்பதுபோல் கொலைகாரர்களுக்கும் வைக்கிறார்கள். 1991-ல் கண்ணூர் ஜெயிலில் தூக்கிலிடப்பட்டவனுக்கு லண்டனிலிருந்து இறக்குமதி செய்து ‘ரிப்பர்’ என்று வைத்தார்கள். சென்னையில் 1984-ல் ஒன்பது பேரைக் கொன்றவன், அந்த ஆண்டு வந்த மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ படத்தைப் பார்த்துத்தான் செய்தான் என்று பேசினார்கள். படத்தின் பெயரே அவனுக்கு அடைமொழியாயிற்று. லட்சக்கணக்கானோர் பார்த்த படம் ஒருவனை மட்டும் ஏன் கொலைகாரனாக்கிற்று என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

எல்லாக் கொலைகாரர்களுக்கும் இந்த மரியாதை கிடைப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர், பெண்களும் குழந்தைகளுமாக, ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். சில பத்திரிகைகள் அதை விவசாயிகள் மோதல் என்று எழுதின. மிராசுதார்களின் மனோதத்துவத்தை யாரும் ஆராயவில்லை. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ரீதியில் சந்தேகப்பட்டு 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. ஆட்டோ ஓட்டியவன் கொன்றால் மனநோய், நிலம் வைத்திருப்பவன் கொன்றால் மோதல்!

ஆட்டோ என்றதும் ஆட்டோ சங்கர் நினைவு வருவது இயல்பு. அந்த வழக்கு நமக்கு வேறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்று ஜெயிலில் இருந்த சங்கர் தன் சுயசரிதையை எழுதினான். அதிகாரிகள் சிலருடன் தனக்கிருந்த தொடர்புகளையும் அதில் எழுதியிருந்தான் என்பதுதான் விவகாரம். நக்கீரன் அதை வெளியிட முனைந்தபோது சிறைத்துறை மேலதிகாரி தடுக்கப் பார்த்தார். ஆசிரியர் கோபால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வெளிவரும் முன்பே பத்திரிகையைத் தடுக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கோ அதிகாரிகளுக்கோ கிடையாது, அவதூறு என்றால் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம் என்று 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தனிமனிதனின் அந்தரங்க உரிமையையும் அதே தீர்ப்பு பேசிற்று. 1995-ல் சேலம் ஜெயிலில் சங்கரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே கொலைகாரனைப் பற்றி எழுதவே கூடாது என்பது நம் வாதமாக இருக்க முடியாது. எழுதக் கூடாது என்று சட்டம் வந்தால் முதலில் மகிழ்பவர்கள் அவனுக்குத் துணைநின்ற அதிகாரிகளாக இருப்பார்கள். அவன் யாருடைய நிழலில் வளர்ந்தான், யார் பார்த்தும் பாராமல் இருந்தார்கள் என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று இப்போது அடிக்கடி பேசப்படுகிறது. 2019 மார்ச் 15-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டு மசூதிகளில் தொழுகையில் இருந்தவர்களை ஒருவன் சுட்டான். 51 பேர் மாண்டார்கள். சுடும்போதே அதைப் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினான். பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டர்ன், அவன் பெயரைத் தாம் உச்சரிக்கப் போவதில்லை என்று பார்லிமெண்டில் அறிவித்தார். சரியான காரியம். அவன் கொன்றதே உலகம் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பார்க்காமல் இருப்பது அவனுக்குத் தண்டனை. அமெரிக்காவில் சினிமாக் கொட்டகையிலும் பள்ளிக்கூடத்திலும் துப்பாக்கியோடு நுழைகிறவர்களில் பலர் தமக்கு முன் சுட்டவர்களின் செய்திகளைச் சேர்த்து வைத்துப் படித்தவர்கள்.

ஆனால் போத்துண்டிக்காரன் விளம்பரத்துக்காக வெட்டவில்லை. சீனிக்குழிக்காரர் பேர் வாங்கக் கொளுத்தவில்லை. நம் நாட்டில் பெயரை மறைத்துவிட்டால் மட்டும் எதுவும் குறைந்துவிடாது. நமக்கு வேண்டியது கேமராவைத் திருப்புவது. அவன் முகத்திலிருந்து ஸ்டேஷன் மேஜைக்கு, கோர்ட் கட்டுக்கு, ஜாமீன் உத்தரவுக்கு.

இது ஏன் குறிப்பாக நம் விவகாரம் என்றால், 2022-ன் இலந்தூர் வழக்கைப் பாருங்கள். நரபலி என்று சொல்லப்பட்ட அந்த வழக்கில் கொல்லப்பட்ட இரண்டு பெண்களும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் தர்மபுரியிலிருந்து கொச்சிக்கு வந்த தமிழ்ப் பெண். முதலாமவர் ஜூனிலேயே காணாமல் போனார். ஆகஸ்டில் மகள் புகார் கொடுத்தார். துப்பு எதுவும் கிடைக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் தமிழ்ப் பெண் காணாமல் போய், வீட்டார் விடாமல் நின்று புகார் கொடுத்து, போனையும் கேமரா பதிவுகளையும் போலீஸ் தேடிய பிறகே இரண்டு கொலைகளும் வெளியே வந்தன. முதல் புகாரை அதே கவனத்தோடு பார்த்திருந்தால்? இந்தக் கேள்வியைத் தலைப்பாகப் போடத் தோன்றவில்லை. நரமாமிசம் சாப்பிட்டார்களா என்பது நாள்கணக்கில் தலைப்பாயிற்று. அம்மாவின் உடலுக்காகத் தர்மபுரிக் குடும்பம் கொச்சியில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது, டி.என்.ஏ. சோதனை முடிந்து அது கைக்கு வர நவம்பர் ஆயிற்று. வேலைக்கு வந்த இடத்தில் ஏழைப் பெண் காணாமல் போனால், ‘எவன் கூடவோ போயிருப்பாள், வந்துவிடுவாள்’ என்பதுதான் முதல் பதில். வாளையார் செக்போஸ்ட் தாண்டி வந்தவர்களுக்கும் போடிமெட்டு ஏறி வந்தவர்களுக்கும் இந்தப் பதில் புதிதல்ல.

கொன்றவன் வெளியூர்க்காரனாக இருந்தால் கதை மறுபக்கம் திரும்பும். உள்ளூர்க்காரன் கொன்றால் அவன் ஒருவன் சைக்கோ. வெளிமாநிலத்தான் கொன்றால் அவன் ஊரே தலைப்பில் வரும். 2016-ல் பெரும்பாவூர் வழக்கில் அசாம்காரர் ஒருவர் கைதானதும், 2023-ல் ஆலுவாயில் குழந்தையைக் கொன்றவன் பீகாரி என்றானதும், லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மொத்தமாகச் சந்தேகப் பட்டியலில் ஏறினார்கள். இன்று அவர்கள், நாளை நாம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும் ஊதியதில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போன நம் பெண்கள் என்ன பட்டார்கள் என்பதை இடுக்கிக் கிளையினருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வண்டிப்பெரியாரில் 2021 ஜூன் 30 அன்று எஸ்டேட் லயத்தில் ஆறு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கையும் சொல்லாமல் முடியாது. பல பேரைக் கொன்ற வழக்கு இல்லைதான். ஆனால் செய்தி எப்படி நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. கைதானவனைச் சம்பவ இடத்துக்குக் கூட்டி வந்ததைக் காட்டினார்கள், ஊரே திரண்டதைக் காட்டினார்கள். தடயங்கள் ஒழுங்காகச் சேகரிக்கப்படுகின்றனவா என்று பார்க்க ஒரு நிருபர் மிச்சமில்லை. 2023 டிசம்பரில் கட்டப்பனை கோர்ட், விசாரணையில் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டி அவனை விடுதலை செய்தது. டெலிவிஷனில் முதல் நாளே முடிந்த வழக்கு கோர்ட்டில் இரண்டரை வருடம் கழித்து இப்படி முடிந்தது. அந்தக் குழந்தையின் பெற்றோர் எந்தச் சேனலிடம் போய்க் கேட்பது?

நம் கிளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மிரட்டல் என்றோ ஆள் காணவில்லை என்றோ ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் தனியாகப் போகவேண்டாம், கிளைத் தோழர் ஒருவரோடு போகட்டும். புகாரை எழுத்தில் கொடுத்து அதற்கு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள். மிரட்டுகிறவன் ஜாமீனில் இருப்பவன் என்றால், ஜாமீன் கொடுத்த கோர்ட்டுக்கும், வழக்கு நடத்தும் அரசு வக்கீலுக்கும் நகல் போகட்டும். அந்த ரசீதின் நகல் ஒன்று கிளை அலுவலகத்தில் இருக்கட்டும். நாளைக்கு நிருபர்கள் கேமராவோடு வந்து நிற்கும்போது கையில் கொடுக்க அந்தக் காகிதம் வேண்டும்.

போத்துண்டி மருமகளின் கொலை வழக்கில் 2025 அக்டோபரில் பாலக்காடு கோர்ட் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மாமியாரும் மகனும் கொல்லப்பட்ட வழக்கு தனி. அது விசாரணைக்கு வரும்போது எல்லாச் சேனல்களும் பாலக்காட்டுக்கு வரும். டிசம்பர் மாதப் புகார் எந்த ரிஜிஸ்டரில், எந்தத் தேதியில், யார் கையெழுத்தோடு ஏறியது என்று அன்று ஒருவராவது கேட்கிறாரா பார்ப்போம்.