எட்டாவது சுரம் எதற்கு?

போன வருசம் முழுக்க நான் பீபொப் ஸ்கேலோடதான் வாழ்ந்தேன். இதைப் பன்னிரண்டு கீயிலும் வாசிச்சுப் பழகினால் ஜாஸ் கிட்டார் தன்பாட்டில வரும் எண்டு யூடியூப்பில ஒருத்தர் சொன்னார். நம்பினேன். ரூம்மேட் தலையணையால காதைப் பொத்திக்கொண்டு படுக்கிற அளவுக்கு மெட்ரோனோம் போட்டுப் பழகினேன். பிறகு ஒருநாள், கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிற அண்ணா ஒருத்தர் கோர்ட் பிடிக்க, நான் அதற்கு மேலே இம்ப்ரவைஸ் பண்ணினேன். ஒரு பிழையான நோட்டும் விழவில்லை. முடிந்ததும் அவர் கேட்டார்: "தம்பி, நல்லா ஏறி இறங்கிறீர். எப்ப கதைக்கப் போறீர்?"

கொஞ்சம் சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. பீபொப் ஸ்கேலை நாங்கள் தலைகீழாகப் படிக்கிறோம் என்பதுதான் இப்போது என் கருத்து.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். பள்ளிக்கூடத்தில சங்கீதம் படிச்ச ஆக்களுக்கு இது லேசாக விளங்கும். கமகத்தையெல்லாம் விட்டுவிட்டு, சுரங்களை மட்டும் எடுங்கள். டொமினன்ட் செவன்த் கோர்டில் இருப்பவை ஸ, க, ப, கைசிகி நி. அதற்கு மேலே வாசிக்கும் ஸ்கேலின் சுரங்கள் அரிகாம்போதியின் சுரங்கள்தான். ஒரு பீட்டுக்கு இரண்டு நோட்டாக மேல் ஸ-விலிருந்து இறங்குங்கள்: ஸ நி, த ப, ம க, ரி ஸ. பீட்டில் விழுபவை ஸ, த, ம, ரி. ஸ-வைத் தவிர ஒன்றும் கோர்டுக்குள் இல்லை. அதனால் ஓட்டம் கோர்டை விட்டு விலகிப்போகிற மாதிரிக் கேட்கும்.

இப்போது ஸ-வுக்கும் கைசிகி நி-க்கும் நடுவில் காகலி நி-யையும் சேருங்கள். எட்டுச் சுரம். அதே வேகத்தில் இறங்கினால் பீட்டில் விழுபவை ஸ, கைசிகி நி, ப, க. முழுக் கோர்டும் பீட்டிலேயே வந்துவிடுகிறது! எட்டாவது சுரம் அழகுக்காக வந்ததில்லை. மற்றச் சுரங்களைச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இறக்கிவிட வந்தது. அதாவது, ஸ்கேல் என்று பெயர் இருந்தாலும் இது தாளத்தின் சங்கதி.

இதை யாரும் மேசையில் இருந்து கணக்குப்போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1940களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் கிளப்பில், சம்பள வேலை முடிந்த கறுப்பின இசைக்கலைஞர்கள் இரவிரவாக ஒருத்தரோட ஒருத்தர் மோதி வாசித்தார்கள். கிட்டாரில் சார்லி கிறிஸ்டியன் இருந்தார். 1942 இல், 25 வயதிலேயே இறந்துபோனார். டிஸி கில்லஸ்பி, சார்லி பார்க்கர் எல்லாம் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள்தான். 'பீபொப் ஸ்கேல்' என்ற பெயர் பரவியது பல வருசங்களுக்குப் பிறகு, இந்தியானா பல்கலைக்கழகத்தில் கற்பித்த டேவிட் பேக்கரின் பாடநூல்கள் வழியாக. வாசிப்பு முதலில் வந்தது, விதி பிறகு வந்தது.

பேக்கரின் ஊரான இந்தியானாபொலிஸ்தான் கிட்டார் மேதை வெஸ் மொன்ட்கொமரியின் ஊரும். வெஸ்ஸுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. கிறிஸ்டியனின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டே பிடித்தவர்.

கிட்டாரில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு ஷேப்பைப் பாடமாக்கினால் அதை அப்படியே நாலு ஃபிரெட் தள்ளி வைத்து அடுத்த கீயில் வாசிக்கலாம். காது வேலையே செய்யத் தேவையில்லை. எனக்கு நடந்தது இதுதான். ஸ-விலிருந்து தொடங்கினால் அழகாக ஓடும். ரி-யிலிருந்தோ ம-விலிருந்தோ தொடங்கினால் கணக்குப் பிசகிவிடும். அப்போது எங்கே இன்னொரு அரைச்சுரம் சேர்ப்பது என்று காதுக்குத் தெரிய வேண்டும். 2021 இல் மறைந்த பியானோக் கலைஞர் பாரி ஹாரிஸ் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று இதுதான்: எந்தச் சுரத்தில் தொடங்கினால் எத்தனை அரைச்சுரம் சேர்க்க வேண்டும் என்பது.

"எங்களிட்ட மின்டன்ஸும் இல்லை, ஜாஸ் மாஸ்டரும் இல்லை. பிடிஎஃப்தானே எங்கட குரு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அந்தப் பிடிஎஃப் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஆனால் அதே போனில்தான் கிறிஸ்டியனும் வெஸ்ஸும் இருக்கிறார்கள். டியூசன் நோட்ஸைப் பாடமாக்கி சோதினை எழுதிப் பழகின எங்களுக்கு, விடையை முதலில் வைத்திருப்பது பாதுகாப்பாக இருக்கிறது. கேட்பது பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இப்ப நான் செய்யிறது இதுதான். ஒரு சோலோவில் நாலே நாலு பார் எடுக்கிறேன். முதலில் வாயால் பாடுகிறேன். பிழைக்காமல் பாட வந்த பிறகுதான் கிட்டாரைத் தொடுகிறேன். பிறகு பீட்டில் எந்தச் சுரம் விழுகிறது என்று பார்க்கிறேன். அங்கே அந்த எட்டாவது சுரம் தட்டுப்படும்போது, அது ஏன் வந்தது என்று விளங்குகிறது.

ஒரு கிழமைக்கு நாலு பார். மெதுவாகத்தான் போகுது. ரூம்மேட் மட்டும் இப்ப தலையணையைக் காதில் வைக்கிறேல்ல.