கையின் அறிவுக்கு யார் செலவு செய்வது?

சுவாமிமலைச் செப்புத் திருமேனிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் அழகையும் சோழர் கால மரபையும் பேசி முடித்துவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்பவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது பேசப்படுவதில்லை. கைத்திறன் என்றாலே திரும்பத் திரும்பச் செய்து படிந்த பழக்கம், அதில் மூளைக்குப் பெரிய வேலை இல்லை என்ற எண்ணம் நம் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் ஊறிக் கிடக்கிறது. அது தவறு. பொருளைத் தொட்டு, அது இணங்காத இடத்தைக் கண்டு, காரணத்தை ஊகித்து, அடுத்த முறை மாற்றிச் செய்வது முழுமையான சிந்தனை. அதைக் கற்க ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளின் செலவைச் சமூகம் ஏற்காவிட்டால் அந்த அறிவு தங்காது.

மெழுகிலிருந்தே பார்க்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டியதுதான் சிலைக்கான மெழுகு. வெயில் காலத்தில் அது குழைந்துவிடும் என்பதால் குங்கிலியத்தைக் கூட்டுகிறார்கள். எவ்வளவு கூட்டுவது என்பது அன்றைய மெழுகை விரலால் அழுத்திப் பார்க்கும்போதுதான் தெரியும். உருவம் முடிந்ததும் காவிரியின் நைஸான வண்டல் மண்ணை முதல் பூச்சாகப் பூசி, அதன்மேல் சொரசொரப்பான மண்ணை அடுக்கடுக்காக ஏற்றி, நிழலில் உலர்த்துகிறார்கள். அவசரமாகக் காய்ந்தால் மண் வெடிக்கும். ஈரம் மிஞ்சினால் உருகிய உலோகம் பட்டதும் நீராவி கிளம்பி வார்ப்பையே கெடுத்துவிடும். அச்சைச் சுட்டு மெழுகை ஓடவிட்ட பிறகு அந்த வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும் என்பது பாடநூலில் இருக்கிறது. கலவை ஊற்றும் பதத்துக்கு வந்துவிட்டதா என்பதை ஸ்தபதி அதன் நிறத்தையும் அசைவையும் பார்த்துச் சொல்கிறார். அச்சில் போதிய சூடு இல்லையென்றால் விரல் நுனிகளை எட்டும் முன்பே உலோகம் உறைந்துபோகும். ஆறிய பின் மண்ணை உடைத்தால்தான் குறை கண்ணுக்குத் தெரியும். அதற்குள் மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. மண்ணில் பிழையா, ஈரமா, சூடா, ஊற்றிய வேகமா என்று பின்னோக்கி யோசித்தே காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்பவரை அறிஞர் என்கிறோம், பட்டறையில் செய்பவரைக் கைவேலைக்காரர் என்கிறோம்.

இந்த அறிவை எழுதி வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், எழுதியும் இருக்கிறார்கள். சிற்ப சாஸ்திரங்கள் தாள அளவுகளைத் துல்லியமாகத் தருகின்றன. சிலையின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலையை மடித்தே முகம், மார்பு, முழங்கால் ஆகியவற்றின் அளவை ஸ்தபதிகள் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே அளவில் செய்த இரண்டு நடராசர்களில் ஒன்று ஆடுகிறது, மற்றது நிற்கிறது. அந்த வேறுபாட்டை எந்த அளவும் பிடித்துத் தருவதில்லை. இது பழைய கலைகளுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கவும் முடியாது. ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் ஒருவகை லேசர் கருவியைப் பிரிட்டிஷ் ஆய்வகங்கள் எப்படிக் கட்டமைத்தன என்று ஆராய்ந்து 1974இல் எழுதினார். வெளியான கட்டுரைகளை மட்டும் படித்துக்கொண்டு எந்தக் குழுவாலும் அதை இயங்கவைக்க முடியவில்லை; ஏற்கெனவே செய்து முடித்தவரோடு பழகியவர்களுக்கே அது கைகூடியது. இயற்பியல் பட்டம் பெற்றவர்களுக்கே செய்முறைக் குறிப்பு போதவில்லை. கணினியில் வடித்து மெழுகை இயந்திரத்தால் அச்சிடலாம் என்பதும் உண்மை. அப்போதும் மண்ணும் நெருப்பும் மிச்சமிருக்கின்றன, வந்தது சரிதானா என்று சொல்லத் தெரிந்த கண்ணும் வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கைத்தொழிலின் பெருமையைப் பேசும் எவரும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சிக்கு வந்து அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு முழுக்கச் சரியானது. தொழிலில் அறிவு இருக்கிறது என்பதைக் காட்டி, அந்தத் தொழிலிலேயே ஒரு சாதியைக் கட்டிப்போடுவது கொடுமை. ஆனால் அந்த வாதம் பிறப்பின்படி தொழிலை ஒதுக்குவதற்கு எதிரானது. பட்டறையில் கற்பதற்கு எதிரானது அல்ல. கை அறிவு ரத்தத்தில் வருவதாயிருந்தால் பயிற்சியே தேவைப்பட்டிருக்காது. அது பல ஆண்டுப் பயிற்சியால் வருகிறது என்பதே யாரும் கற்கலாம் என்பதற்குச் சான்று. 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட அரசு சிற்பப் பயிற்சி நிலையம் இன்று பட்டம் வழங்கும் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அங்கே சேர ஸ்தபதி குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை.

இப்போதைய திட்டங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35 ஆக்கவும் தமிழ்நாடு அரசு கேட்டது. அது நடக்காததால் தன் பங்குக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 வயதுப் பையனைக் கல்லூரியிலிருந்து திருப்பிவிடக் கூடாது என்ற அக்கறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு திட்டங்களுமே கடன் தருவது பெரும்பாலும் தொழிலை ஏற்கெனவே கற்றுவிட்டவருக்கு. கற்றுக்கொள்ளும் ஆண்டுகளில் சம்பாதிக்க முடியாத மாணவருக்கும், தன் வேலையை நிறுத்திவைத்து அவருக்குச் சொல்லித்தரும் ஸ்தபதிக்கும் யார் பணம் தருவது? இப்போது அதைக் குடும்பம் சுமக்கிறது; அதனால்தான் தொழில் குடும்பத்துக்குள்ளேயே சுற்றிவருகிறது.

தொழிற்சாலையில் பழகுபவருக்கு உதவித்தொகை உண்டு என்று 1961இன் தொழில்பழகுநர் சட்டம் சொல்கிறது. அதே கொள்கையைப் பட்டறைக்கும் விரிக்கலாம். பள்ளிப் படிப்பை முடித்த யாரும், எந்தச் சாதியினரும், ஆணும் பெண்ணும், நான்கைந்து ஆண்டு உதவித்தொகையோடு ஒரு பட்டறையில் சேரட்டும். சொல்லித்தருபவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் கிடைக்கட்டும். முடிவில் பெறும் சான்றிதழ் அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் செல்லட்டும். தேர்வில் வினாத்தாள் வேண்டாம். மெழுகும் மண்ணும் உலோகமும் கொடுத்து வார்க்கச் சொல்ல வேண்டும். வார்ப்பில் குறை இருந்தால் அது எங்கே, ஏன் நேர்ந்தது என்று மாணவர் விளக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதி அந்த விளக்கத்துக்கு.