ஜலதாரையை அடைக்கலாமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அண்ணா பெண் வந்திருந்தாள். கையில் வழவழவென்று ஒரு விளம்பரப் புத்தகம்.

"அத்தை, பள்ளிக்கரணைப் பக்கம் ஃப்ளாட் பார்த்திருக்கோம். பால்கனியிலே நின்றால் ஏரி தெரியும். பறவையெல்லாம் வருமாம்!" என்று குதூகலித்தாள்.

"பால்கனியிலிருந்து என்ன தெரியும் என்று கேட்டாய், சரி. வீட்டுக்கு அடியிலே என்ன இருந்தது என்று கேட்டாயோ?" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

சகோதரிகளே, அது ஏரி அல்ல, சதுப்பு நிலம். தென் சென்னையில் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளில் நிரம்பி வழியும் ஜலம் அங்கேதான் வந்து சேருகிறது. கொஞ்சம் பூமிக்குள் இறங்கும். மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் கலக்கும். 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த இடம் அது. பிறகு சாலை வந்தது, ரயில் வந்தது, கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்கு மாடிகளும் வந்தன.

வேண்டாமென்று யார் சொன்னார்கள்? நம் பிள்ளைகள் சம்பளம் வாங்குவதே அங்கேதானே! ஆனால், சமையலறையைப் பெரிதாக்குகிறேன் என்று ஜலதாரையை அடைத்துவிட்டுக் குழாயைத் திறந்தால் என்ன ஆகும்? 2015 டிசம்பரில் அதுதான் ஆயிற்று. வேளச்சேரியில் இவளுடைய மாமியாரைப் படகில் வைத்துத்தான் வெளியே கொண்டு வந்தார்கள். அதற்குள் மறந்து போயிற்று!

நல்ல சமாசாரமும் உண்டு. 2007-ல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமென்று ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் இன்னும் வருகின்றன. கட்டுகிறவர்கள் மேட்டு நிலத்தில் கட்டட்டும். தண்ணீர் வரும் கால்வாயையும் போகும் மடுவையும் தொடாமல் விடட்டும். வீடும் நிற்கும், பறவையும் நிற்கும்.

கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பெருங்குடியில் அந்தச் சதுப்பின் மேல் பல வருஷங்களாகக் குவிந்த குப்பை யாருடையது? நம் வீட்டுக் கத்தரிக்காய்க் காம்பும் பால் கவரும்தான். அந்த மலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை பிற்பாடுதான் தொடங்கியது. நான் மொட்டை மாடியில் இரண்டு மண் தொட்டி வைத்திருக்கிறேன். காய்கறித் தோல் அதிலேயே உரமாகிவிடுகிறது. கறிவேப்பிலைச் செடி செழித்து நிற்கிறது.

புதன்கிழமை அண்ணா பெண் டெலிபோன் செய்தாள்.

"அத்தை, சர்வே நம்பர் கேட்டேன். 'அதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா?' என்றார்கள். நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம்."

"பேஷ்! பறவை பார்க்க ஆசையென்றால் ஒரு நாள் காலையில் சாலையோரம் நின்று பார்த்துவிட்டு வருவோம். அதற்கு அட்வான்ஸ் கேட்க மாட்டார்கள்" என்றேன்.