மூணு நம்பரும் வார வசூலும்

பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவரின் வீட்டுக்கு அண்மையில் போயிருந்தோம். குழுக்கடன் வசூலுக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு அக்கா மூன்று குழுக்களில் கடன் வாங்கியிருக்கிறார். ஒன்று மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு, இன்னொன்று கூரையை மாற்ற. மூன்றாவது எதற்கென்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். வசூல்காரர் கிளம்பிய பிறகுதான் சொன்னார்: "அவரு போன்ல சீட்டாடி உட்டதுங்க. வெளிய சொன்னா, இவனுகளுக்குக் காசு எங்க தங்கும்னு பேசுவாங்க. அதுக்குப் பயந்துதான் மூடி வெச்சிருக்கறேன்."

அந்தக் கடைசிப் பேச்சு நம்மை விட்டுப் போகவில்லை. கூலி உயர்வு கேட்டாலே "இவர்களுக்குக் கொடுத்தால் குடித்து அழிப்பார்கள்" என்று சொல்லும் ஊர் இது. அந்தச் சொல்லுக்கு அஞ்சி நம் பெண்கள் சூதுக் கடனை வீட்டுச் செலவாக மாற்றிச் சொல்கிறார்கள். அதனால் நோய் கணக்கிலேயே வராமல் போகிறது. குடித்துவிட்டு வந்தால் தெருவுக்கே தெரியும். நள்ளிரவில் தறிச் சத்தத்துக்கு நடுவே போனில் தோற்பவரைப் பக்கத்துத் தறிக்காரருக்குக்கூடத் தெரியாது.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. ஆனால் கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்து ஆடும் 'மூணு நம்பர்' இன்னும் ஒழியவில்லை. வெள்ளைத்தாளில் எண் எழுதி விற்றவர் கைது என்ற செய்தி சேலம், நாமக்கல் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. சிக்குபவர் பெரும்பாலும் தாள் எழுதும் கூலி ஆள்தான். பணத்தை வாரிக்கொள்ளும் ஆளின் பெயர் செய்தியில் வந்து நாம் பார்த்தது குறைவு.

இணையச் சூதின் கதை நீதிமன்றங்களுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் இடையே பல ஆண்டுகள் இழுத்தது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அது சட்டமான பின், 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 'ஜெய்பீம்' படத்தால் பலரும் அறிந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைந்தது. அதன் பின் பேரவை நிறைவேற்றியதை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றைத் தொடாது என்றது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் சட்டம் வந்து, திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதம் பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடுத்தது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

இதில் நமக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. ஒன்றியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. மாநிலச் சட்டத்திலோ ஆடியவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. காவல் நிலைய வாசலை நம் மக்கள் எப்படிப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்பது தெரிந்ததுதான். இந்தப் பிரிவு இருக்கும்வரை, தோற்றவர் வாய் திறக்கமாட்டார். மாநில அரசு இதை நீக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

தடைக்கு முன் நிறுவனங்கள் விளம்பரத்தின் வாலில் "பொறுப்புடன் விளையாடுங்கள்" என்று வேகவேகமாகச் சொல்லிவிட்டு ஓடும். பொறுப்பை ஆடுபவன் தலையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது அவர்களுக்கு. சூதாட்டப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. மது, போதைப் பழக்கத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் இடம். நம்மவர்கள் முன்பே அறிந்தது போலத்தான்: குறளில் கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம், சூது 94, மருந்து 95. புத்தர் சிகாலனுக்குச் சொன்ன அறிவுரையில் சூதின் கேடுகள் ஆறு. அவையில் சூதாடியின் சொல் எடுபடாது என்பது அவற்றில் ஒன்று. பஞ்சாயத்திலும் கூலிப் பேச்சிலும் நம் சொல் ஏற வேண்டும் என்று போராடும் நமக்கு அது சாதாரண இழப்பல்ல.

மருந்துக்கு எங்கே போவது? 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை 24 மணி நேரமும் தமிழில், கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆடுபவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, மனைவியோ மகளோ பேசலாம். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் உண்டு. சாவைப் பற்றிய பேச்சு வீட்டில் எழுந்தால், காலை வரை காத்திருக்காமல் அப்போதே அழைக்க வேண்டும்.

கடன் இருக்கிறதே என்பார்கள். விட்டதைப் பிடிக்க இன்னொரு கடன் வாங்குவதுதான் குழியை ஆழமாக்குகிறது. இதே பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025 ஜூலையில் நாட்டையே உலுக்கியது. கந்துவட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வாசலில் நின்று கத்துபவரிடம் இதைச் சொல்லலாம், ஆட்சியரின் குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. கமிஷன் தருகிறோம், வங்கிக் கணக்கைக் கொடு என்று பந்தயக் கும்பல்கள் கேட்கின்றன. அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் உங்கள் உதவித்தொகையும் அதில்தான் மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 1930க்குப் பேசுங்கள்.

அந்த அக்கா 14416க்குப் பேசினார். இரண்டு வாரம் கழித்து அவரோடு கணவரும் நாமக்கல் போய் வந்தார். இப்போது அவரிடம் பட்டன் போன்தான், தறிக் கூலி அக்காவின் கணக்குக்கு வருகிறது. மூன்றாவது குழுவுக்கு இன்னும் பதினான்கு வாரத் தவணை பாக்கி.