வில்லையில் ஏறும் ஈரம்

மாலை மழை ஓய்ந்த நேரத்தில், ஷா ஆலம் ஆய்வகம் ஒன்றில் பொட்டாசியம் புரோமைடு புட்டியைத் திறந்துவைத்துவிட்டுக் கைப்பேசியில் பேசப் போனவருக்கு இந்த உரை பாதி புரிந்திருக்கும். திரும்புவதற்குள் தூள் ஈரத்தைக் குடித்திருக்கும். அதில் சிலிக்கேட் மாதிரியைக் கலந்து அழுத்திய வில்லை, அகச்சிவப்பு நிறமாலையில் 2.9, 6.1 மைக்ரான் அருகில் இரண்டு பட்டைகளைக் காட்டும். அவை ஷா ஆலம் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்றின் கைவரிசை.

மருந்துத் தரம் பார்ப்பவருக்கு இது சில்லறைத் தொல்லை. விண்மீனிடைத் தூசுக்கு மாற்றுப்பொருள் தேடும் நமக்கு அப்படியில்லை. இருண்ட முகில்களில் துகள்மேல் படிந்த பனியும் ஏறத்தாழ 3.05, 6.0 மைக்ரானில்தான் ஒளியை விழுங்குகிறது. எது விண்வெளி நீர், எது நம் அறை நீர் என்று பின்னால் வருபவர் எப்படிப் பிரிப்பார்?

இந்தத் தூசு எதனால் ஆனது என்ற விவாதமே ஆய்வக எண்களால் ஓடுவது. 1962-இல் ஃபிரெட் ஹாயிலும் கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும் கிராஃபைட் துகள்களை முன்வைத்தார்கள். 1965-இல் வானியலாளர் ஸ்டெச்சர், தூசு விண்மீன் ஒளியை மறைக்கும் அளவில் 217.5 நானோமீட்டர் அருகே ஒரு மேடு இருப்பதை ராக்கெட் அளவீட்டிலிருந்து காட்டினார். கிராஃபைட்டின் கை ஓங்கியது. ஆனால் அந்த மேட்டின் அகலம் திசைக்குத் திசை மாறுகிறது, உச்சியோ இடம் பெயர்வதில்லை. வெறும் கிராஃபைட்டால் இதை எளிதில் விளக்க முடியவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை. 1984-இல் வானியலாளர்கள் டிரெய்னும் லீயும் தந்த ‘வானியல் சிலிக்கேட்’ ஒளியியல் எண்கள்கூட ஒரு பகுதி ஆய்வக அளவு, மறு பகுதி வானத்தைப் பார்த்துச் சரிக்கட்டியது. இன்றும் பலர் அதையே எடுத்தாள்வது, நம் அளவீடுகள் போதவில்லை என்பதற்கு அடையாளம் என்றே நினைக்கிறேன்.

ஈரத்தோடு தொல்லை முடிவதில்லை. பொட்டாசியம் புரோமைடின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதனுள் புதைந்த துகளின் பட்டை, வெற்றிடத்தில் மிதக்கும் துகளின் பட்டையைவிட நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்து நிற்கும். நாம் அளப்பது 300 கெல்வினில். முகில் தூசு 20 கெல்வினை ஒட்டியது. கல்வத்தில் அதிகம் அரைத்தால் படிகத்தின் கூரிய பட்டைகளும் மழுங்கும்.

ஆகவே இனி இந்த இதழுக்குக் கட்டுரை அனுப்புவோர், மாதிரியை அளந்த அதே நாளில் அழுத்திய வெற்று வில்லையின் நிறமாலையையும் சேர்த்தனுப்புங்கள். அறையின் ஈரப்பதம், உலர்த்திய வெப்பநிலை, அரைத்த நேரம், துகள் அளவு ஆகியவற்றையும் எழுதுங்கள். ஈரத்தைக் கழித்துச் சுத்தமாக்கிய வளைகோடு மட்டும் வந்தால், மதிப்பீட்டாளரிடம் போகாமலே திருப்பி அனுப்புவோம்.